செட்டிநாட்டு வெயிலில் பெரணி வளருமா?

கேள்வி கேட்டவர் சொன்னதன் சுருக்கம் இது. பள்ளத்தூரில் அவர்களுக்கு வீடு. அங்கே இப்போது அப்பத்தா மட்டும்தான் இருக்கிறார். பின்கட்டுக்கு வெளியே, வீட்டின் வடபுறச் சுவரோரம் நல்ல நிழல். கொடைக்கானலிலிருந்து ஆறு பெரணித் தொட்டிகள் (ஃபெர்ன் என்கிறார்களே, அதுதான்) வாங்கி வந்து அங்கே வைத்தார்கள். வைகாசிக்குள் ஆறும் போய்விட்டன. கோடையில் அப்பத்தாவால் ஒரு குடத்துக்கு மேல் தண்ணீர் தூக்க முடியாது, போர் தண்ணீரும் கொஞ்சம் உப்பு. இந்த ஊரில் பெரணி வளர்க்க முடியுமா, இல்லை விட்டுவிடலாமா?

வளர்க்கலாம். முதலில் உங்கள் வீட்டுக் கிணற்றை எட்டிப் பாருங்கள். பழைய கிணறாக இருந்தால், உறையின் காரை பெயர்ந்த இடுக்குகளில் இரண்டு மூன்று பெரணியாவது தொங்கிக்கொண்டிருக்கும். யாரும் நடவில்லை, யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. ஆகவே செட்டிநாட்டில் பெரணி வளராது என்பது சரியில்லை. கொடைக்கானல் பெரணி வளராது என்பதுதான் சரி.

உங்கள் ஆறு தொட்டிகளும் தண்ணீர்க் குறையால் மட்டும் செத்திருக்காது. கொடைக்கானல் ஏறத்தாழ 2100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பகலில் வாடிய செடி ராத்திரிக் குளிரில் தேறிவிடும். இங்கே வைகாசியில் விடிய விடியப் புழுக்கம், செடிக்கு மூச்சுவிட நேரமே கிடையாது. அதில் நிறையத் தண்ணீர் ஊற்றினால் வேர் வெந்து அழுகும், ஊற்றாவிட்டால் இலை பொரியும். எப்படிப் பார்த்தாலும் சாவுதான்.

கலிபோர்னியாக்காரர்கள் எழுதுவதைப் படித்துவிட்டு அங்கே கிடைக்கும் வாள் பெரணியைத் தேடுகிறவர்கள் உண்டு. அங்கேயும் கோடையில் மழை கிடையாது என்பது உண்மை. ஆனால் கடற்கரையோரம் கோடையிலும் மூடுபனி வரும், ராத்திரி குளிரும். அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது செடியை அல்ல, ஒரு பழக்கத்தை. அந்த ஊரின் சொந்தப் பெரணி ஒன்று, பாலிபோடியம் வகை, கோடை முழுக்க இலையை உதிர்த்துவிட்டுத் தூங்கும். மழைக்காலம் தொடங்கியதும் எழும். அந்தத் தூக்கத்தை அவர்கள் கெடுப்பதில்லை.

நம் ஊருக்கும் வழி அதுதான். சித்திரை, வைகாசியில் பெரணியின் பச்சையைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். மண்ணை ஒட்டிக் கிடக்கும் அந்தத் தண்டை, கிழங்குபோல் ஓடுகிறதே, அதைக் காப்பாற்றினால் போதும். தூங்கத் தெரிந்த பெரணியாகப் பார்த்து வாங்க வேண்டும், அது தூங்கும்போது விட்டுவிட வேண்டும்.

இதை நான் குப்பைமேட்டில்தான் கற்றேன். சில வருடங்களுக்கு முன் ஒரு நர்சரியில் இரண்டு தொட்டி வாங்கினேன். இரண்டுக்கும் 'ஃபெர்ன்' என்றுதான் பெயர் சொன்னார்கள். ஆனியில் இரண்டும் துடைப்பக்குச்சியாகிவிட்டன. மண்ணோடு கொண்டுபோய்த் தோட்டத்து மூலையில் கொட்டிவிட்டேன். ஐப்பசியில் நாலு நாள் அடை மழை. ஐந்தாம் நாள் தேங்காய் மட்டை எடுக்கப் போனால், கொட்டிய மண்ணிலிருந்து நாய்வால்போல் சுருண்ட குருத்துகள் ஏழெட்டு, வெள்ளை ரோமத்தோடு நீட்டிக்கொண்டு நிற்கின்றன. தோண்டிப் பார்த்தேன். வேர்களில் கோலிக்குண்டு அளவில் சின்னச் சின்ன உருண்டைகள், மேலே செதில் படர்ந்து. நகத்தால் கீறினால் உள்ளே கண்ணாடிபோல் நீர். செடி தனக்கென்று சேர்த்துவைத்த தண்ணீர்! இன்னொரு தொட்டிச் செடி எழவே இல்லை, அதன் வேரில் இந்த உருண்டையும் இல்லை.

எழுந்தது நெஃப்ரோலெபிஸ் கார்டிஃபோலியா. எழாதது பாஸ்டன் ஃபெர்ன், அதாவது நெஃப்ரோலெபிஸ் எக்ஸால்டேட்டாவின் ஒரு ரகம். 1894இல் பிலடெல்பியாவிலிருந்து பாஸ்டனுக்குப் போன செடிகளுக்கு நடுவே தற்செயலாகக் கண்டெடுத்தது, அதனால் அந்தப் பெயர். வரவேற்பறையில் தொங்கவிட அழகுதான், ஆனால் அதற்கு உருண்டை கிடையாது. கடையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கும். தயங்காமல் தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை.

சரி, இடத்துக்கு வருவோம். நீங்கள் செய்த பெரிய தவறு அந்த வடக்குச் சுவர் என்றுதான் நினைக்கிறேன். பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது பார்த்திருப்பீர்கள், நாள் முழுக்க நிழலாக இருந்திருக்கும். வெளிநாட்டுத் தோட்டப் புத்தகங்களும் வீட்டுக்கு வடக்கே நடு என்றுதான் சொல்லும். ஆனால் காரைக்குடி வட்டாரம் பூமத்திய ரேகைக்கு வடக்கே 10 பாகையில் இருக்கிறது. சித்திரை பிறந்து இரண்டொரு நாளில், ஏப்ரல் 16, 17 வாக்கில், பகல் 12:15க்கு முற்றத்தில் ஓர் உலக்கையைச் செங்குத்தாக நிறுத்திப் பாருங்கள். நிழல் அதன் காலடியிலேயே ஒடுங்கிவிடும். அன்றைக்குச் சூரியன் நேர் உச்சியில். அதன்பின் ஆகஸ்ட் கடைசி வாரம் வரை உச்சிப்பொழுதுச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். ஜூனில் காலை முதல் மாலை வரை வடபக்கமாகவேதான் போய் வரும். மார்கழியில் குளுகுளுவென்று இருந்த அதே சுவரோரம், நாலு மாதம் கழித்து முழு வெயில் வாங்கி, ராத்திரி ஒன்பது மணிக்குக் கை வைத்தாலும் சுடும்.

அதற்காக அந்த இடத்தை விட்டுவிட வேண்டாம். சித்திரையில் தொடங்கி ஆவணி கடைசி வரை, சுவருக்கு நாலடி தள்ளி வடமேற்காக ஒரு தென்னங்கீற்றுத் தட்டியைச் சாய்த்து நிறுத்துங்கள். பச்சை வலையும் கட்டலாம். ஆனால் கீற்றின் மேல் சாயங்காலம் ஒரு செம்புத் தண்ணீர் தெளித்தால் கிடைக்கும் குளிர்ச்சி வலையில் இல்லை. வீட்டின் கிழக்குப் பக்கம் இடம் இருந்தால் இன்னும் நல்லது. காலை வெயில் பத்து மணி வரை விழும், அதைப் பெரணி தாங்கும். அப்புறம் வீட்டின் நிழலே காவல்.

மரநிழல் என்றால் மாமரம். வேம்பு மாசி, பங்குனியில் இலை கொட்டும், சில வாரம் நிழல் இல்லாமல் நிற்கும். அந்தச் சில வாரம் போதும் செடியைப் பொரிக்க. புளியமரத்தடி வேண்டவே வேண்டாம், அதன் வேர் நீங்கள் ஊற்றும் ஒரு குடத்தையும் குடித்துவிட்டு இன்னும் கேட்கும்.

இன்னொன்று காற்று. நம் வீடுகளில் முகப்பில் நின்றால் வளவு (முற்றத்தைச் சுற்றிய முதல் கட்டு), இரண்டாம் கட்டு எல்லாம் தாண்டிப் பின்வாசல் தெரியும். எல்லாக் கதவும் ஒரே நேர்கோட்டில். மனிதர்கள் படுத்துறங்க அருமையான காற்று. அந்தக் கோட்டில் பெரணித் தொட்டி வைத்தால் இரண்டே நாளில் இலைநுனி கருகும். ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து அடிக்கும் வறண்ட காற்று சித்திரை வெயிலைவிடக் கொடியது என்பது என் அனுபவம். வெயிலை மறைக்கத் தட்டி வைக்கிறவர்கள் காற்றை மறந்துவிடுகிறார்கள். முற்றத்தில் வைப்பதானாலும் நடுவில் வைக்காமல், தாழ்வாரத்துத் தூண் மறைவில், மூலை பார்த்து வையுங்கள்.

இனிச் செடிகள். உருண்டை வேர்ப் பெரணியைச் சொல்லிவிட்டேன். அது இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஓடுகொடி விட்டுப் படர்ந்து, இரண்டே மழைக்காலத்தில் மூன்று முழ நீளம் பிடித்துக்கொள்ளும். பிடித்தபின் அடக்கத்தான் வேண்டியிருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது முடவாட்டுக்கால். ஆமாம், கொல்லிமலையில் சூப்பு வைக்க விற்கிறார்களே, பழுப்பு ரோமம் மூடி ஆட்டுக்கால்போல் இருக்கும், அதேதான். பலர் அதைக் கிழங்கு என்றே நினைக்கிறார்கள். அது ஒரு பெரணியின் தண்டு, மரத்திலும் பாறையிலும் ஒட்டி வளர்வது. அதற்கு இரண்டு விதமான இலை. ஒன்று நீளமாக, பச்சையாக, சீப்புப்போல் பிளந்தது. வறட்சி வந்தால் அது துண்டு துண்டாக உதிர்ந்து, நடுநரம்பு மட்டும் குச்சியாக நிற்கும். மற்றொன்று குட்டையாக, தண்டைக் கட்டிப்பிடித்தாற்போல் ஒட்டி வளர்ந்து, சீக்கிரமே காய்ந்து பழுப்பாகிவிடும், ஆனால் உதிராது. ஒரு கூடைபோல் நின்று மேலிருந்து விழும் சருகையும் தூசியையும் பிடித்து மக்கவைத்துத் தனக்கே உரமாக்கிக்கொள்ளும். இந்தப் பழுப்பு இலையைச் செத்த இலை என்று யாராவது பிய்த்துச் சுத்தம் செய்துவிடப் போகிறார்கள், முன்கூட்டியே சொல்லிவையுங்கள். வாங்கும்போது ரோமம் சுரண்டாத, கையில் கனமான, நுனி மிருதுவாக இருக்கும் துண்டாகப் பாருங்கள். நுனியில்தான் உயிர் இருக்கிறது. புரட்டாசிக் கடைசியில் மாமரத்துக் கிளைப் பிரிவில் ஒரு பிடி தேங்காய் நார் வைத்து, அதன்மேல் துண்டைப் படுக்கவைத்துக் கயிற்றால் கட்டுங்கள். மண் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழை அதை மரத்தோடு ஒட்டவைத்துவிடும். அடுத்த கோடையிலிருந்து உங்கள் தண்ணீர்க் கணக்கில் அது வரவே வராது. மலைக்குப் போய் மரத்திலிருந்து நீங்களே பிடுங்கி வராதீர்கள். சூப்புக்காகப் பிடுங்குவதே அங்கே போதும் போதும் என்றிருக்கிறது.

கிணற்றுச் சுவரில் தொங்குவது பெரும்பாலும் டெரிஸ் விட்டாட்டாவாக இருக்கும். ஏணிபோல் இருபுறமும் ஒல்லியான இலைகள், நுனி இலை மட்டும் நீளம். சுண்ணாம்பென்றால் அதற்கு உயிர். நம் வீடுகளோ சுண்ணாம்பிலேயே எழுந்தவை, ஆகவே அதற்கு இது தாய்வீடு. தண்ணீரில் சுண்ணாம்புக் கடினம் இருந்தாலும் இது கவலைப்படாது. இடிந்த சுவரிலிருந்து கிடைத்த செங்கல், காரைத் துண்டுகளைக் குவித்து, இடுக்கில் கொஞ்சம் இலைமக்கு வைத்து, மழைக்காலத்தில் சின்னச் செடியாக எடுத்து நடுங்கள். பெரிய செடி பெயர்த்தால் வராது. ஒரு விஷயம், இந்தப் பெரணி மண்ணிலிருக்கும் ஆர்செனிக் என்ற நஞ்சை உறிஞ்சி இலையில் சேர்த்துவைக்கும். ஃபுளோரிடாவில் 2001இல் இதைக் கண்டு எழுதினார்கள். ஆடு மாடு கடிக்கும் இடத்தில் வைக்காதீர்கள்.

மயில்சிகை என்று ஒன்று இருக்கிறது. விரல் நீளம்தான், குட்டி விசிறிபோல் இலை. பாறை இடுக்கிலும் பழைய மதிலிலும் வரும். கோடையில் விசிறி மடங்கிக் காய்ந்த நூல்பந்துபோல் கிடக்கும், கிள்ளினால் நொறுங்கும். ஒரு நல்ல மழை பெய்து மறுநாள் காலை பாருங்கள், அதே இலைதான், புது இலை அல்ல, பச்சையாக விரிந்து நிற்கும். தண்ணீர் ஊற்றிக் கெடுக்கக்கூடிய செடி இது. செம்புராங்கல் துண்டின் குழியில் ஒன்று பிடித்துவிட்டால் மறந்துவிடலாம்.

கருத்த காம்பும் பூப்போன்ற இலையுமாய் விற்கும் அடியாண்டம் எல்லாருக்கும் ஆசை. கடை ரகத்தைத் தரையில் நடாதீர்கள், கோடையில் அடியோடு வெட்டித் தொட்டியைக் குளியலறை ஜன்னல் பக்கம் நகர்த்திவிடுங்கள். நம் காட்டு ரகங்கள் சிலவற்றுக்கு நீண்ட இலைநுனி மண்ணைத் தொட்ட இடத்தில் வேர்விடும், அங்கிருந்து ஒரு எட்டு, இன்னொரு எட்டு என்று நடந்து போகும். அப்படிப்பட்டது கிடைத்தால் விடாதீர்கள்.

அப்புறம் ஆரைக்கீரை. கண்மாய் ஓரத்தில் நாலு இலையாக விரிந்து கிடக்குமே, அதுவும் பெரணிதான் என்று சொன்னால் அப்பத்தா சிரிப்பார். உண்மை. பூக்காது, அடித்தண்டில் மிளகுபோல் கெட்டியான காய் வைக்கும், அதற்குள் வித்து. கண்மாய் வறண்டு வெடித்தாலும் அந்தக் காய் வருடக்கணக்கில் சேற்றுக்குள் காத்திருந்து, தண்ணீர் வந்ததும் பிளந்து முளைக்கும். பின்கட்டில் சும்மா கிடக்கும் கல்தொட்டியில் அரையடி கண்மாய் வண்டலைப் போட்டு ஆரையை விடுங்கள். கோடையில் தொட்டி காயட்டும். மழைக்காலத்தில் கீரையும் ஆச்சு, பார்க்கவும் அழகு.

நர்சரியில் ஆஸ்பராகஸ் ஃபெர்ன் என்று கொடுப்பார்கள். அது பெரணியே இல்லை, தண்ணீர்விட்டான் கிழங்குக்குப் பங்காளி. ஆனால் வேரில் கிழங்கு உண்டு, வறட்சியைத் தாங்கும். பெரணிபோல் தெரிந்தால் போதும் என்றால் அதையே வாங்கி நட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

தண்ணீருக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். எட்டடி நீளம், இரண்டடி அகலத்தில் ஒரு பாத்தி. செம்மண்ணை ஓரடி தோண்டி, அடியில் தேங்காய் மட்டையைக் குழிப்பக்கம் மேலாக நெருக்கி அடுக்குங்கள். தென்னந்தோப்புக்காரர்கள் செய்வதுதான், மட்டை தண்ணீரைப் பஞ்சுபோல் பிடித்துவைக்கும். அதன்மேல் செம்மண் ஒரு பங்கு, இலைமக்கு ஒரு பங்கு, உடைந்த ஓட்டுத்துண்டும் கரியும் ஒரு பங்கு. நார்க்கழிவு சேர்ப்பதானால் இரண்டு மூன்று தடவை அலசிவிட்டுச் சேருங்கள், அதில் உப்பு இருக்கும். பாத்தியில் சம தூரத்தில் ஐந்து லிட்டர் மண்பானை மூன்றைக் கழுத்தளவு புதையுங்கள். மானாமதுரைப் பானை நமக்குப் பக்கத்திலேயே கிடைக்கிறது. புதுப்பானையாக, வண்ணமோ எண்ணெயோ படாததாக இருக்க வேண்டும். பெரணி வேர் ஆழம் போகாது, ஆகவே உயரமான பானை வேண்டாம், குட்டையாக வயிறு அகன்றது நல்லது. பானையிலிருந்து தண்ணீர் கசிந்து கசிந்து வேருக்குப் போகும், மேல்மண் காய்ந்தே கிடக்கும், ஆவியாகிப் போவது குறைவு. வாயை மூடிவையுங்கள், இல்லாவிட்டால் கொசுப்பண்ணை ஆகிவிடும். ஒரு குடம் சுமார் 15 லிட்டர். என் பாத்தியில் மூன்று பானையும் ஏறக்குறைய மூன்று நாள் தாங்கும். அப்பத்தா மூன்று நாளைக்கு ஒரு குடம் தூக்கினால் போதும், அதையும் வேலைக்கு வருபவரிடம் சொல்லிவிடலாம்.

உப்புத் தண்ணீர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சோப்பு நுரைக்காத கடினத்தண்ணீர் வேறு, நாக்கில் கரிக்கும் தண்ணீர் வேறு. முன்னதைக் கிணற்றுப் பெரணி மன்னிக்கும், பின்னதை எந்தப் பெரணியும் மன்னிக்காது, இலைநுனி பழுப்பாகி உள்ளே உள்ளே ஏறும். பானையின் நுண்துளைகளும் உப்பால் அடைபடும், கசிவு நின்றால் வேறு பானை மாற்றுங்கள். அரிசி கழுவிய தண்ணீர், ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர் இரண்டும் நல்லவை. ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரைப் பாத்திக்கு விடாதீர்கள், உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்து வருகிறது. எல்லாவற்றையும்விட நல்லது மழைத்தண்ணீர். வளவின் ஓட்டிலிருந்து கொட்டுவதை அந்தக் காலத்தில் அண்டாவிலும் கிடாரத்திலும் பிடித்தார்கள். உங்கள் வீட்டுக் கிடாரம் பரணில் இருந்தால் இறக்குங்கள்.

நடுவதற்கு நேரம் புரட்டாசிக் கடைசியிலிருந்து கார்த்திகை வரை. தை மாதம் நட்டால் வேர் பிடிப்பதற்குள் வெயில் பிடித்துவிடும். மாசியில் உரம் எதுவும் போடாதீர்கள், தூங்கப் போகிறவனை எழுப்பிச் சோறு போடுகிற கதையாகிவிடும். பங்குனியில் பாத்தியை நாலு விரல் கனத்துக்குச் சருகால் மூடுங்கள். காய்கிற இலையை வெட்ட வேண்டாம், அது அடித்தண்டுக்கு நிழல். ஐப்பசியில் புதுக் குருத்து தெரிந்தபின் வெட்டிக்கொள்ளலாம்.

இன்னொரு அவமானத்தையும் ஒப்புக்கொள்கிறேன். ஒரு கார்த்திகையில் இலையின் அடியில் வரிசை வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள் பார்த்துப் பூச்சி என்று நினைத்துப் பூச்சிமருந்து அடித்தேன். தாறுமாறாக இல்லாமல் எண்ணி வைத்ததுபோல் இருந்ததே என்று அப்புறம்தான் உறைத்தது. அதுதான் பெரணியின் வித்து, பூவும் காயும் இல்லாத செடிக்கு அதுதான் சந்ததி. அந்தத் தூள் காற்றில் போய் ஈரமான காரைச் சுவரில் ஒட்டினால், முதலில் நகத்தளவு பச்சைப் படலம் வரும், அதில் நீர்ப்படலம் நின்றால்தான் கருவாகிப் பெரணி முளைக்கும். கிணற்றுச் சுவர் அதற்கு வாகான இடம். மழை மாதங்களில் உங்கள் கிணற்றடிச் சுவரில் பாசிபோல் தெரிவதை எல்லாம் வெள்ளையடிக்கிறவர் சுரண்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வருடம் முடவாட்டுக்கால் ஒரு துண்டும், உருண்டை வேர்ப் பெரணி இரண்டு தொட்டியும் போதும். கிணற்றில் இருப்பது இருக்கட்டும். காலியான ஆறு தொட்டிகளின் மண்ணை மட்டும் இப்போதே கொட்டிவிடாதீர்கள். கொடைக்கானல் செடி எழும் என்று சொல்லவில்லை, ஆனால் வேரில் உருண்டை இருக்கிறதா என்று ஒருமுறை விரலால் துழாவிப் பார்த்துவிட்டு, ஐப்பசி வரை மூலையில் வைத்திருங்கள்.